படத்தில் அவள் சிரிக்கவில்லை

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ஒரு படத்துக்கு அடியில் ஒட்டுவதற்காக என்னிடம் கேட்ட இரண்டு வரியிலிருந்து வந்தது. அதைவிட உயர்வான காரணம் ஏதாவது அகப்படுமா என்று தேடிப் பார்த்தேன். அகப்படவில்லை.

என் அக்காவும் மாமாவும் மலைப்பாதைகளில் ஓடுகிறவர்கள். அதற்கென்று ஒரு குழு இருக்கிறது. மாமா ஓடும்போது கேமராவையும் தூக்கிக்கொண்டு ஓடுவார். அந்தப் படங்களை ஒரு கூடத்தின் நடைவழியில் மாட்டிக் காட்டலாம் என்று குழுவில் முடிவானது. செயலாளர் என்னைக் கூப்பிட்டார். எழுதுகிறவன் ஒருவன் யாருக்காவது உறவாக இருந்தால் அவனிடம் சும்மா கேட்கலாம் என்பது ஊருலகத்தில் எழுதப்படாத சட்டம்.

“சார், ஒரு படம் அனுப்பியிருக்கேன். உங்க அக்காதான். என்னா சிரிப்பு பாருங்க! கீழ போட ரெண்டு வரி வேணும், சும்மா நச்சுனு.”

பார்த்தேன். மலைமுகட்டில் ஒற்றையடிப் பாதை. பின்னால் மேகம் ஏறிவந்து பாதி உலகத்தை அழித்துவிட்டிருந்தது. சாய்ந்து நிற்கும் பாறை ஒன்றின் பக்கத்தில் அக்கா. உடம்பு பாதையை விட்டு விலகியிருக்கிறது, முகம் மட்டும் கேமராவைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. வாய் அகலத் திறந்திருக்கிறது. ஈர முடி கன்னத்தில் அப்பியிருக்கிறது. நல்ல படம். [‘நல்ல படம்’ என்பது சோம்பேறிச் சொல். மாற்ற வேண்டும்.]

“மூச்சு வாங்குகிறது, சிரிப்பு அதை முந்திக்கொள்கிறது” என்று எழுதினேன். அனுப்புவதற்கு முன் அக்காவைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன். மறுபக்கம் அவள் வேலை செய்யும் இடத்தில் ஓடுகிற சின்ன மோட்டாரின் இரைச்சல் மட்டும் கேட்டது.

“நான் சிரிக்கலடா,” என்றாள். “வேலையா இருக்கேன், வை.”

அந்த இரண்டு வரியை நான் அனுப்பவில்லை. அதற்குப் பதிலாகத்தான் இது.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

“ஓடுவது என்பது ஒருவகையில்—”

வேண்டாம். ‘என்பது ஒருவகையில்’ என்று ஆரம்பிக்கும் எதையும் நானே படிக்கமாட்டேன்.

“மேகம் மலையைத் தின்றுகொண்டிருந்த அந்தக் காலையில், அவள் கணவனைவிட ஒரு வளைவு முன்னால் ஓடிக்கொண்டிருந்தாள்.”

இது கொஞ்சம் தேவலை. ஆனால் ‘அந்தக் காலையில்’ என்று சொன்னதுமே நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவீர்கள். அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் யாரும் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கவில்லை. ஒருவர் ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தார், ஒருவர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்.

“மாமா லிஃப்ட் பழுதுபார்க்கிறவர்.”

இது நிற்கட்டும். அழகில்லாத வாக்கியம், ஆனால் இதைப் பிடித்துக்கொண்டு மேலே போகலாம்.

மாமா லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். பகல் முழுவதும் அவர் கண் முன்னால் இருப்பது சிமெண்ட் சுவரும், கிரீஸ் வழியும் கம்பிக்கயிறும்தான். எவ்வளவு உயரத்தில் வேலை செய்தாலும் சன்னல் கிடையாது. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் மலைமேல் நின்று கண்ணில் படுவதையெல்லாம் படம் எடுக்கிறார் என்று எழுதிவிட்டால் வாசகர் தலையாட்டுவார். நானும் அப்படித்தான் எழுதியிருந்தேன். மாமாவிடம் காட்டியபோது, “அதெல்லாம் இல்ல மாப்ள. கேமரா தள்ளுபடில கெடச்சுது, வாங்கினேன்,” என்றார். ஆகவே அந்தப் பத்தி போய்விட்டது.

அவர் தொழிலைப் பற்றி இந்தக் கதைக்குத் தேவையானது வேறொன்று. பெரிய கடைக்கட்டடங்களில் கண்ணாடி லிஃப்ட் இருக்கும் அல்லவா? அது நடுவில் நின்றுபோனால் உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கண்ணாடியைத் தட்டிக்கொண்டு ஏதோ கத்துவார்கள். வெளியே ஒன்றும் கேட்காது, வாய் மட்டும் அசையும். மாமா அவர்களைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார். உடனே அடங்கிவிடுவார்கள். “என்ன சொல்றாங்கன்னு நமக்கெதுக்கு? ஆள் வந்துட்டான்னு தெரிஞ்சா போதும் அவங்களுக்கு,” என்பார்.

3

கேமராவோடு ஓடுவது எப்படி என்று தெரியாமல் இதை எழுத முடியாது என்பதால் ஒருநாள் மாமாவின் கேமராவை வாங்கி மார்பில் கட்டிக்கொண்டு எங்கள் தெருக்கோடிவரை ஓடிப் பார்த்தேன். கேமரா எனக்குத் தாளம் போட்டது. அடிக்கு ஒரு குத்து, நெஞ்செலும்பின் மேல். திரும்பி வந்தபோது எதிர்வீட்டுக்காரர், “யாரையாவது துரத்துனீங்களா சார்?” என்று கேட்டார். (என் ஆராய்ச்சி இத்துடன் முடிந்தது. இனி வருவதெல்லாம் மாமா சொன்னது.)

கேமரா ஆடாமல் இருக்க, தோள்பட்டைகளுக்குக் குறுக்கே ஒரு எலாஸ்டிக் பட்டை. மழைக்கு ஒரு பிளாஸ்டிக் பை. லென்ஸ் துடைக்க, உள்பையில் வியர்வை படாமல் மடித்து வைத்த பழைய பனியன் துண்டு. ஏற்றத்தில் கேமரா தொந்தரவு செய்யாது, கூடவே வரும். இறக்கத்தில்தான் வில்லங்கம். மற்றவர்கள் இரண்டு கையையும் இறக்கைபோல விரித்து இறங்கும்போது இவர் ஒரு கையால் குழந்தையை அணைப்பதுபோல அதை அணைத்துக்கொண்டு இறங்க வேண்டும். விழுந்தால் எந்தக் கையை ஊன்றுவது என்பதை முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருக்கிறார்.

இன்னொரு சங்கடம், பின்னாலிருந்து எடுத்தால் முதுகுதான் கிடைக்கும். முகம் வேண்டுமென்றால் முந்திப் போய், மண்டியிட்டு, மூச்சை அடக்கி, அவர்கள் வரும்போது எடுக்க வேண்டும். எடுத்து முடிப்பதற்குள் அவர்கள் தாண்டிப் போயிருப்பார்கள். மறுபடியும் முந்த வேண்டும். அக்காவை முந்துவது லேசில்லை. ஆகவே மாமாவிடம் இருக்கும் அக்காவின் படங்களில் பெரும்பாலானவை அக்காவின் முதுகு.

“முகம் வேணும்னா வீட்ல பாரு,” என்பாள் அவள். “இங்க நான் ஓட வந்திருக்கேன்.”

அக்கா பல் செய்கிறவள். டாக்டர் இல்லை. டாக்டர் எடுத்து அனுப்பும் அச்சை வைத்துக்கொண்டு மெழுகிலும் பிளாஸ்டரிலும் பல் வரிசை கட்டுகிறவள். ஒரு பல் மருத்துவமனையின் பின்கட்டில் சின்ன அறை, ஒரு மேசை, ஒரு நீலச் சுடர், பக்கத்தில் தேய்க்கும் மோட்டார். யாரைப் பார்த்தாலும் முதலில் வாயைத்தான் பார்ப்பாள். சாப்பிடும்போது நாம் எந்தப் பக்கம் மெல்லுகிறோம் என்று கவனிப்பாள். அவளோடு பந்தியில் உட்காருவது கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.

4

இனி நடந்தது.

குழுவில் ஒரு அறிவிப்பாளர் இருந்தார். பேருந்து நிலையத்தில் எந்த வண்டி எந்த மேடைக்கு வரும் என்று ஒலிபெருக்கியில் சொல்கிறவர். ஐம்பதைத் தாண்டிய, ஒல்லியான, ஓயாமல் பேசுகிற மனிதர். ஏற்றத்தில் ஏறும்போதும் பேசுவார். மற்றவர்கள் மூச்சுக்குத் தவிக்கையில் அவர் மட்டும், “முன்னால் செல்லும் பயணிகள் வழிவிடவும்,” என்று அறிவித்துக்கொண்டே தாண்டிப் போவார். அன்றைக்கும் அப்படித்தான் எல்லோரையும் தாண்டி மேகத்துக்குள் போனார். போட்டி எதுவும் இல்லை, வழக்கமான ஞாயிறு ஓட்டம். முகட்டின்மேல் ஓடி, மறுபக்கம் இறங்கினால் வேன் நிற்கும்.

முகட்டில் சாய்ந்த பாறை வரும் இடத்தில் அக்காவின் காதில் ஒரு சத்தம் விழுந்தது. ஆட்டின் சத்தம் என்று நினைத்தாளாம். எட்டிப் பார்த்தாள். பாதைக்குக் கீழே சரளைக்கல் சரிவில் அறிவிப்பாளர் ஒரு கால் கோணலாக மடங்கிக் கிடந்தார். வாயெல்லாம் ரத்தம். அவர் அவளைப் பார்த்தார்.

அக்கா திரும்பினாள். கொஞ்சம் பின்னால் மாமா ஒரு கண்ணை மூடி, மறு கண்ணைக் கேமராவில் வைத்து நின்றுகொண்டிருந்தார். முதல் தடவையாக அக்காவின் முகம் அவருக்கு நேராகக் கிடைத்திருந்தது.

“கீழ விழுந்து கிடக்காரு! ஓடிப் போய் ஆளக் கூட்டிட்டு வா!” என்று கத்தினாள்.

காற்று அவளிடமிருந்து அவருக்கு வீசவில்லை. மாமா படம் எடுத்தார். எடுத்துவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

அக்கா சரிவில் இறங்கிவிட்டாள்.

மாமா பனியன் துண்டை எடுத்து லென்ஸைத் துடைத்தார். நிமிர்ந்தபோது அக்காவைக் காணவில்லை. மேகத்துக்குள் ஓடிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு அவரும் அந்த இடத்தைத் தாண்டி ஓடினார்.

[இந்த இடத்தில் மாமா எட்டிப் பார்ப்பதாக ஒருமுறை எழுதினேன். எட்டிப் பார்த்தும் மேகம் மறைத்துவிட்டது என்று. அவர்மேல் எனக்கிருந்த பிரியத்தில் எழுதியது. அவர் எட்டிப் பார்க்கவில்லை. அடித்துவிட்டேன்.]

5

கீழே நடந்ததை அக்கா ஒரே ஒருமுறைதான் சொன்னாள். அதுவும் பல்லுக்கு மெருகேற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல்.

இறங்கியதும் தன் மழைச்சட்டையைக் கழற்றி அவருக்குப் போர்த்தியிருக்கிறாள். காலைத் தொடவில்லை. ஆள் வந்துகொண்டிருக்கிறது என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை, கட்டைவிரலைப் பார்த்தாளே. அவருக்குக் குளிர ஆரம்பித்தது. உதட்டைத் தடவிப் பார்த்துவிட்டு அழத் தொடங்கினார்.

“பல்லு ரெண்டும் போச்சும்மா,” என்றார். அந்த வாயால் அதைச் சொல்லவே பாடுபட்டார். “என் வேலையே வாய்தான். எப்படிப் பேசுவேன்?”

“அண்ணே, இங்க பாருங்க. பல்லப் பத்தி மட்டும் நீங்க கவலப்படாதீங்க. அது என் டிபார்ட்மெண்ட்.”

“கால்?”

“கால் வேற ஆளு பாப்பாங்க. நீங்க தூங்கக் கூடாது, அவ்ளோதான். ஏதாவது பேசுங்க. வண்டி அறிவிப்புச் சொல்லுங்க.”

அவர் சொன்னார். மேடை எண்களைச் சொன்னார். வண்டி தாமதமாக வரும் என்று சொல்லப் போனார், முடியவில்லை. ‘த’ சொல்ல நாக்கு மேல்வரிசைப் பல்லைத் தொட வேண்டும். தொடுவதற்குப் பல் இல்லை. ‘தாமதம்’ என்ற சொல்லில் காற்றுதான் வந்தது. அவர் திரும்பத் திரும்ப அதையே சொல்லிப் பார்த்தார், அவள் திரும்பத் திரும்ப “ம்ம், அப்புறம்?” என்றாள். மேகம் கலைந்தது, மறுபடி மூடியது. மற்ற ஓட்டக்காரர்களில் சிலர் அக்கா வருவதற்கு முன்பே, மேகத்தில் அவரைக் கவனிக்காமல் அந்த இடத்தைத் தாண்டிப் போயிருந்தார்கள், மற்றவர்கள் கீழ்ப்பாதையில் போனவர்கள். யாரும் வரவில்லை. அவளுடைய போன் வேனில் இருந்தது. அவரை விட்டுவிட்டு மேலே போனால் தூங்கிவிடுவார் என்று பயந்தாள்.

“ஒரு கட்டத்துல,” என்றாள் அக்கா, “உங்க மாமாவுக்கும் ஏதோ ஆயிடுச்சுன்னு நெனச்சேன். சரின்னு சொல்லிட்டுப் போன மனுஷன் வரலன்னா வேற என்ன நெனைப்ப? நான் அவருக்காகவும் சேத்து பயந்துட்டு இருந்தேன்டா.”

அந்த வாக்கியத்துக்குப் பிறகு மோட்டாரை அணைத்தாள்.

6

வேன் நின்ற இடத்தில் மாமா தண்ணீர் குடித்தார். அக்காவைக் காணாமல் அவருக்குப் பெரிய கவலை ஒன்றும் வரவில்லை. சில நாள் அவள் நீளமான பாதையைச் சுற்றிக்கொண்டு வருவாள். வேனின் படியில் உட்கார்ந்து, எடுத்த படங்களைக் கேமராவின் சின்னத் திரையில் ஒவ்வொன்றாகப் புரட்டினார். கடைசியில் எடுத்தவை அடுத்தடுத்து மூன்று. விரலை அழுத்திப் பிடித்தால் அது பாட்டுக்கு எடுக்கும். முதலாவதில் அக்கா கீழே பார்க்கிறாள். இரண்டாவதில் வாய் திறந்திருக்கிறது. செயலாளர் எனக்கு அனுப்பியது அதுதான். மூன்றாவதில் கை நீண்டு சரிவைக் காட்டுகிறது.

இதைப் படிக்கும் என் நண்பர் ஒருவர், “படமே துப்புக் கொடுத்ததாக்கும்? கதைக்காகச் செய்தது மாதிரி இருக்கு,” என்பார். நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். வேறு மாதிரி எழுதிப் பார்த்தேன்: அக்கா வராததால் எல்லோரும் தேடிப் போகிறார்கள், தற்செயலாகக் கண்டுபிடிக்கிறார்கள். இன்னும் நம்பும்படி இருந்தது. ஆனால் நடந்தது இதுதான்.

மாமா மூன்றையும் முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்தாராம். “அப்பதான் மாப்ள, அவ என்னைப் பாத்து என்னமோ கேட்டிருக்கான்னு தெரிஞ்சுது. நான் பதிலும் சொல்லியிருக்கேன்.”

அறிவிப்பாளரும் இன்னும் இறங்கி வரவில்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. வேன்காரர் சிக்னல் கிடைக்கும் இடம்வரை வண்டியை எடுத்துப்போய் மீட்புக்குழுவுக்குத் தகவல் சொன்னார். மற்றவர்கள் போர்வையும் கயிறும் எடுத்துக்கொண்டு கிளம்ப, மாமா அவர்களுக்கு முன்னால் முகட்டுக்குத் திரும்ப ஓடினார். மேகத்தில் பாதையே தெரியவில்லை. சாய்ந்த பாறை எங்கே இருக்கிறது என்று படத்தைப் பார்த்துப் பார்த்து ஓடினார். அன்றைக்கு அவர் கேமராவைக் கையால் அணைத்துக்கொள்ளவில்லை. இரண்டு இடத்தில் விழுந்தார்.

பாறையிலிருந்து எட்டிப் பார்த்தபோது கீழே அக்கா அறிவிப்பாளரின் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

“வந்துட்டேன்!” என்று கத்தினார்.

“இப்பவாவது கேக்குதா?” என்று கத்தினாள்.

7

அறிவிப்பாளர் பிழைத்தார். இடுப்பிலும் தொடையிலும் அறுவை நடந்தது. முதலில் நடைச்சட்டம், பிறகு கைத்தடி.

நான் இந்தக் கதையில் யாரையாவது குற்றவாளி ஆக்கிவிட வேண்டும் என்று மெனக்கெட்டேன். குற்றவாளி இருந்தால் எழுதுவது சுலபம். அக்கா ஒரு நாளும் சத்தம் போடவில்லை, மாமா ஒரு நாளும் சாக்குச் சொல்லவில்லை. இப்படிப்பட்டவர்களை வைத்துக்கொண்டு ஒரு எழுத்தாளன் என்ன செய்வான்?

சண்டை என்று ஒன்று வந்தது. நான் அவர்கள் வீட்டில் இருந்த ஒரு மதியம், துணி மடிக்கும்போது. மாமாதான் ஆரம்பித்தார்.

“கேக்கலம்மா. சத்தியமா காத்துல ஒண்ணுமே கேக்கல.”

“கேக்காதது தப்புன்னு நான் எப்பச் சொன்னேன்?” அக்கா ஒரு சட்டையை உதறினாள். “கேக்கலன்னா கேக்கலன்னு காட்டியிருக்கணும். காதத் தொட்டுக் காட்டு. கைய விரி. நானே ஓடி வந்து சொல்லியிருப்பேன். கட்டவிரல எதுக்குத் தூக்கின?”

மாமா ஒரு துண்டை எடுத்து மடித்தார்.

“வீட்லயும் அதான். நான் ஒண்ணு சொன்னா ‘ம்ம்’ங்கற. என்ன சொன்னேன்னு கேட்டா முழிக்கற. இத்தன வருஷமா நான் யார்கிட்ட பேசிட்டு இருக்கேன்னு நெனச்சேன், அங்க சரிவுல உக்காந்துட்டு.”

அவ்வளவுதான் சண்டை. மடித்த துணியை அவள் அலமாரியில் வைத்தாள். அதே அலமாரியின் உச்சியில் மாமா கேமராவை வைத்தார். அதற்குப் பிறகு பல வாரம் அது இறங்கவில்லை. அக்கா வேறு ஆட்களோடு ஓடப் போனாள். மாமா ஓடுவதையே விட்டுவிட்டார். பேச்சு நின்றுபோகவில்லை. தண்ணீர் கேன் வந்ததா, சாவி எங்கே, வரும்போது பல்பு வாங்கி வா. [ஒரு வீடு ஓடுவதற்கு இவ்வளவு பேச்சு போதும் என்பதைத் தனியாக ஒரு கட்டுரையாக எழுதலாம்.]

(செயலாளர் என்னிடம் இரண்டு வரி கேட்டது இந்தச் சமயத்தில்தான். மலையில் எடுத்த அந்தப் படத்தை நான் அதுவரை பார்த்ததில்லை, அது இதுதான் என்று எனக்குத் தோன்றவும் இல்லை. அவர் அந்த ஞாயிறு ஓட்டத்துக்கு வரவில்லை. குழுவின் பொதுத் தொகுப்பில் கிடந்த படத்தை எடுத்து அனுப்பியிருக்கிறார். அவர்மேல் குறையில்லை.)

8

அறிவிப்பாளர் கைத்தடியோடு பல் மருத்துவமனைக்கு வந்தார். “என் டிபார்ட்மெண்ட்னு சொன்னீங்களே,” என்று அக்காவின் பின்கட்டு அறை வாசலில் நின்றார். அவர் வேலைக்கு இன்னும் திரும்பவில்லை. ஒலிபெருக்கியில் அவருக்குப் பதிலாகப் பதிவு செய்த குரல் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் குரலுக்குப் பல் பிரச்சினை கிடையாது என்பதால் நிர்வாகத்துக்கு அது பிடித்துப்போகும் என்று பயந்தார்.

டாக்டர் அச்செடுத்துக் கொடுத்தார். கழற்றி மாட்டுகிற தட்டில் இரண்டு முன்பற்கள். நிறம் பார்ப்பது சுலபம், மற்றப் பற்கள் இருக்கின்றன. வடிவம்தான் தெரிய வேண்டும்.

“பழைய படம் இருக்கா அண்ணே? சிரிக்கிற மாதிரி, பல்லு தெரிய?”

இல்லை. ஒரு படத்தில்கூட இல்லை. முன்பற்களுக்கு நடுவே சின்ன வயதிலிருந்தே சந்து இருந்ததால், கேமராவைக் கண்டால் வாயை மூடிக்கொள்வது அவர் வழக்கம். கல்யாணப் படத்தில்கூட உதட்டை இறுக்கிக்கொண்டு, ஏதோ தீர்ப்புக்குக் காத்திருப்பவர்போல நிற்கிறார்.

அன்று மாலை அக்கா வீட்டில் அலமாரிக்கு முன்னால் நின்று மாமாவிடம் கேட்டாள்.

“உன் படத்துல அவர் பல்லு இருக்கா?”

மாமா முக்காலி போட்டுக் கேமராவை இறக்கினார். பழைய மெமரி கார்டுகளை எல்லாம் மேசைமேல் கொட்டினார். முதுகுகளையும் முழங்கால்களையும் தாண்டித் தாண்டிப் போனார். கிடைத்தது, அதே ஞாயிறு காலை வேன் பக்கத்தில் எடுத்தது. அறிவிப்பாளர் யாரோ சொன்ன வேடிக்கைக்குத் தன்னை மறந்து சிரிக்கிறார். கேமரா இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. இரண்டு பல்லும் நடுவில் சந்தும் அப்படியே பளிச்சென்று இருந்தன.

அக்கா திரைக்குக் கிட்டே குனிந்து வெகுநேரம் பார்த்தாள். “எட்ஜ் எல்லாம் அப்படியே விழுந்திருக்கு,” என்றாள். பாராட்டா, தொழில் பேச்சா என்று என்னால் சொல்ல முடியாது. மாமா அதைப் பிரிண்ட் போட்டு மறுநாள் மருத்துவமனையில் கொண்டுபோய்க் கொடுத்தார்.

9

மெழுகில் பல் பதித்துப் போட்டுப் பார்க்கிற நாளுக்கு நானும் போயிருந்தேன். கதைக்காகப் போனேன், மறைக்கவில்லை. மாமா மடிக்கணினியோடு வந்திருந்தார், அக்கா வேறு கோணத்தில் ஒரு படம் கேட்டிருந்ததால்.

அறிவிப்பாளர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். அக்கா தட்டை மாட்டிவிட்டாள்.

“சந்து வச்சுட்டீங்களா?” என்றார் கண்ணாடியைப் பார்த்து. “அதான் சாக்குன்னு அடைச்சுடுவீங்கன்னு நெனச்சேன்.”

“அடைச்சா உங்க குரல் மாறிடும். பேசிப் பாருங்க.”

அவர் மெதுவாகத் தொண்டையைச் செருமிக்கொண்டு மேடை எண் சொன்னார். பிறகு, “தாமதமாக வந்து சேரும்,” என்றார். ஒவ்வொரு ‘த’வும் ஆணி அடித்ததுபோல விழுந்தது. டாக்டர் கை தட்டினார். ஒரு வண்டி தாமதமாக வருவதற்கு யாரும் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

[கதை இங்கே முடியலாம். முடித்தும் பார்த்தேன். சின்னக் கதையாக, கைக்கு அடக்கமாக இருந்தது. ஆனால் அன்றைக்கு எல்லோரும் எழுந்து போய்விடவில்லை.]

அக்கா தட்டைக் கழற்றிக்கொண்டு உள்ளே போனாள். அறிவிப்பாளர் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு மடிக்கணினியில் படங்களைத் தள்ளிக்கொண்டே வந்தார். மாமா தடுப்பதற்குள் அந்தப் படம் வந்துவிட்டது. சாய்ந்த பாறை, திறந்த வாய்.

“மன்னிச்சிடுங்கண்ணே,” என்றார் மாமா. “இத அழிச்சிருக்கணும். மாட்ட வேண்டாம்னு செயலாளர்கிட்ட சொல்லிட்டேன்.”

அறிவிப்பாளர் கையை எடுத்துவிட்டார். பல்லில்லாத வாயோடு, உதடு தடுக்கத் தடுக்கச் சொன்னார். அவர் சொன்ன விதத்தில் எழுத எனக்கு எழுத்து போதாது, ஆகவே செப்பமாகத் தருகிறேன்.

“நான் கீழேருந்து பாத்தேன் தம்பி. மேல அவங்க மூஞ்சி தெரிஞ்சுது. அப்பாடான்னு இருந்துச்சு. அடுத்த நிமிஷமே மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்க. தலையோட பின்பக்கம்தான் தெரிஞ்சுது. போயிட்டாங்க, என்னைப் பாக்கலன்னு நெனச்சேன். அவங்க எறங்கி வர்ற வரைக்கும் நான் செத்துட்டேன்னுதான் நெனச்சுட்டுக் கிடந்தேன். இன்னமும் தூக்கத்துல அந்தப் பின்பக்கம் வருது.” திரையைத் தொட்டார். “இந்தப் பக்கம் இப்படி இருந்துதா?”

மாமா மடிக்கணினியை அவர் பக்கம் இன்னும் திருப்பிவைத்தார்.

“இவ்ளோ கத்தியிருக்காங்க,” என்றார்.

அக்கா பின்கட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. கையில் மெழுகுக் கத்தி.

“மாட்டச் சொல்லுங்க தம்பி,” என்றார் அறிவிப்பாளர். “அவங்க சம்மதிச்சா.”

10

படத்தை மாட்டினார்களா? மாட்டினார்கள் என்று ஒரு முடிவு எழுதினேன். அறிவிப்பாளர் ரிப்பன் வெட்டுகிறார். தாங்க முடியவில்லை. மாட்டவில்லை என்றும் எழுதினேன். அக்கா அதை வாங்கித் தன் மேசைமேல் வைத்துக்கொள்கிறாள். அக்கா அப்படிப்பட்ட ஆளே இல்லை. மூன்றாவது முடிவில் மாமாவும் அக்காவும் கைகோத்து மலையேறுகிறார்கள். அதை எழுதிய கையை—

சரி. எனக்குத் தெரிந்த கடைசிச் சங்கதியைச் சொல்கிறேன். அதற்குமேல் என்னிடம் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காலை அவர்கள் வீட்டில் இருந்தேன். அக்கா ஓடக் கிளம்பிக்கொண்டிருந்தாள். குளியலறையில் வாளி நிரம்பிக்கொண்டிருந்தது, வெளியே யாரோ சுவரில் துளை போட்டுக்கொண்டிருந்தார்கள். மாமா ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு கூடத்தில் நின்றார். ஓட்டத்தை விட்டபிறகு அவர் அதைத் தொட்டு நான் பார்க்கவில்லை.

“நானும் வரவா?” என்றார். பிறகு, “கேமரா எடுத்துக்கவா, வேண்டாமா?”

அக்கா வாசற்படியில் குனிந்து கயிறு கட்டிக்கொண்டே ஏதோ சொன்னாள். நாலைந்து சொல் இருக்கும். துளை போடும் சத்தத்தில் போய்விட்டது. நான் வழக்கம்போலத் தலையை ஆட்டினேன்.

மாமா தலையை ஆட்டவில்லை. ஷூவைக் கீழே வைத்துவிட்டு, “கேக்கல. இன்னொரு தடவ சொல்லு,” என்றார்.

அக்கா நிமிர்ந்தாள். ஒரு காலில் ஷூவும் ஒரு காலில் காலுறையுமாக உள்ளே நடந்து வந்தாள். அவர் காதுக்குக் கிட்டே வாயை வைத்து, முழுக்கச் சொன்னாள். முதலில் சொன்னதைவிட இரண்டாவது முறை நீளமாக இருந்தது, சொல்லிக்கொண்டே இருந்தாள். மாமா நடுவில் ஒருமுறைகூட ‘ம்ம்’ என்று சொல்லவில்லை.

என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. கேட்டால் சொல்லியிருப்பாள், நான் கேட்கவில்லை. அது என்னவாக இருக்கும் என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.